ஊறாத புஷ்

நான் புத்தூரில் வாடகைக் கார் ஓட்டுபவன். என் பழைய காரின் எஞ்சின் சில நாட்களாகத் திக்கித் திக்கி ஓடியது. பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ரிபியூட்டரின் தண்டு ஆடியது. அதைத் தாங்கும் புஷ் என்ற சிறு வெண்கலக் குழல் தேய்ந்துவிட்டது. கராஜ் வைத்திருக்கும் நண்பர் புதுப் புஷ் ஒன்றைத் தந்து, "ஒரு நாள் எண்ணெயிலை ஊறவிட்டுப் போடும்" என்றார். நான் பொறுக்காமல் அன்று காலையே பூட்டிவிட்டேன். எஞ்சின் அழகாக ஓடியது.

மத்தியானம் என் தங்கைக்கு, குறித்த திகதிக்கு இன்னும் நாள் இருக்கவே, பிரசவ நோவு தொடங்கியது. அவளை ஏற்றிக்கொண்டு பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். வழியில், வீடு வாசல் இல்லாத வல்லை வெளியில் எஞ்சின் சட்டென்று நின்றது. காய்ந்த புஷ் சூடேறித் தண்டை இறுகப் பிடித்திருந்தது. என்னால் அதை அசைக்கவே முடியவில்லை.

"அண்ணை, ஏன் நிண்டது?" என்று முனகினாள்.

"இப்ப வெளிக்கிட்டிடும், பிள்ளை" என்று பொய் சொன்னேன்.

நிழலே இல்லாத அந்த வெயிலில் நடுறோட்டில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு லொறி வந்து எங்களை ஏற்ற ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம்" என்றார் டொக்டர்.

இப்போது நான் எந்தப் புஷ்ஷையும் முழு நாள் ஊறவிட்டே பூட்டுகிறேன். பிறகு கீரிமலை வரை தனியே ஓடிப் பார்க்காமல் எவரையும் ஏற்றுவதில்லை.

கார் ஏன் நின்றது என்று தங்கை பிறகு கேட்கவேயில்லை. சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. இதை வாசித்துத்தான் அவள் அறியப்போகிறாள்.