லிப்டை எடுத்தோம், கட்டிலை வைத்தோம்

1. ஆறு கட்டில்

“பத்துக் கட்டில ஆறாக்குவம் தங்கச்சி. வேற வழி இல்ல.”

ஹாஜியார் என்னிடம் இப்படிச் சொன்னார். நான் முப்பது வருடமாகக் கட்டிடச் செலவைக் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயராக வேலை பார்ப்பவள்.

மருதமுனையில் கடற்கரைக்குக் கிட்ட, ஊரார் சேர்த்த பணத்தில் கட்டவிருந்த டயலிசிஸ் நிலையம் அது. சிறுநீரகம் பழுதானவர்கள் கிழமைக்கு மூன்று தடவை பஸ் ஏறித் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் நெல் வியாபாரி, பணம் சேர்த்த சங்கத்தின் தலைவர். சீமெந்தும் கம்பியும் விலை ஏறிய நேரத்தில் டெண்டர் வந்தது. சங்கத்திடம் இருந்த பணம் அதற்குப் போதவில்லை. செலவைக் குறைத்துத் தரும் வேலை எனக்கு.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பி.ஓ.கியூ.வை, அதாவது அளவும் விலையும் போட்ட பட்டியலை, விரித்து வைத்துக்கொண்டு டைல்ஸ், கதவு, பெயின்ட் என்று வரிவரியாக மலிவான சாமான்களுக்கு மாற்றினேன். ஒரு கிழமை இருந்து செய்தும் பணம் போதவில்லை.

டெண்டர் போட்ட கொந்தராத்துக்காரர் தன் யோசனையைச் சொன்னார். “மிஸ், கம்பிய ஒரு சைஸ் இறக்குவம். கம்பிக்கு மேல வாற கொங்கிரீட்டையும் கொஞ்சம் மெலிசாக்குவம். ஆருக்குத் தெரியப் போகுது?”

“பத்து வருசத்தில கடல் காத்து கம்பியக் கறள் புடிக்க வெச்சா எல்லாருக்கும் தெரியும்” என்றேன். அதை அத்தோடு விட்டுவிட்டார்.

செலவைக் குறைப்பது வேறு, வேல்யூ இன்ஜினியரிங் வேறு. இந்தச் சாமான் எந்த வேலைக்காக இங்கே இருக்கிறது, அதே வேலையைக் குறைந்த செலவில் வேறு எது செய்யும் என்று கேட்பதுதான் வேல்யூ இன்ஜினியரிங். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் நானே சொல்லிக் கொடுத்தது இது. அந்த ஒரு கிழமையும் அந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது, ஹாஜியார் கட்டிலைக் குறைக்கச் சொன்ன அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. ஹாஜியாருக்கு உடனே போன் எடுத்தேன். “எனக்கு இன்னும் ஒரு கிழமை தாங்க.”

2. தம்பிப்பிள்ளையர்

அனுமதி வாங்கி, அந்தத் தூரத்து ஆஸ்பத்திரியின் டயலிசிஸ் வார்ட்டுக்கு வெளியே ஒரு பகல் முழுக்க வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பாண்டிருப்பைச் சேர்ந்த தம்பிப்பிள்ளையர் என்ற, வயல் செய்யும் கமக்காரர் தன் முறைக்காகக் காத்திருந்தார். மருதமுனைக் கட்டிடத்தின் படத்தை அவரிடம் காட்டினேன். கீழே பெரிய மண்டபம், மேல்மாடியில் மெஷின்கள், ஏறி இறங்க லிப்ட்.

விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “உள்ள போகக்குள்ள நான் நடந்துதான் போவன் தங்கச்சி. வெளிய வரக்குள்ளதான் கால் ரெண்டும் இல்லாத மாதிரி. கரண்ட் போய் லிப்ட் நிண்டா நான் மேலயே கிடக்கிறதா?”

“ஜெனரேட்டர் இருக்குதுதானே ஐயா.”

“ஓம், இஞ்சயும் இருக்கு. லிப்ட்தான் போன மாசத்தில இருந்து பழுது. திருத்த ஆள் கொழும்பில இருந்து வரணுமாம்.”

எனக்கு முகம் சுட்டது. எங்கள் படத்தில் இருந்த லிப்டின் விலையைக் குறைக்க மூன்று கம்பெனிக்கு எழுதியிருந்தேன். அது என்னத்துக்கு என்று நான் கேட்கவே இல்லை.

3. மேலே எது, கீழே எது

அடுத்த கூட்டத்தில் ஹாஜியாரிடம் கேட்டேன். “இந்தக் கட்டிடத்துக்கு ஒரே ஒரு வேலதான் எண்டா எதச் சொல்லுவீங்க?”

“நோயாளிக்கு இரத்தம் சுத்தமாக்கிற வேல. வேற என்ன?”

“அப்ப அந்த வேல கீழ நடக்கட்டும். கூட்டம் போடுற மண்டபம் மேல போகட்டும்.”

பணம் தந்தவர்களின் பெயர்களை அந்த மண்டபச் சுவரில்தான் பதிக்கவிருந்தார்கள். வாசலில் வருகிறவர்கள் முதலில் காண்பது அதுவாக இருக்க வேண்டுமென்று ஹாஜியார் ஆசைப்பட்டிருந்தார். ஆனால் அவர் கேட்டது வேறு.

“மாரியில வெள்ளம் வந்தா மெஷினெல்லாம் என்னாகுற தங்கச்சி? அதுக்காகத்தானே மேல வெச்ச?”

நியாயமான கேள்வி. காணியில் இடிக்கவிருந்த பழைய கைத்தறி நூல் களஞ்சியத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். சுவரில் முன்பு வந்த பெரிய வெள்ளத்தின் கறை இருந்தது. ஹாஜியார் டேப்பை வாங்கித் தானே அளந்தார். இரண்டு அடி. “தரையை மூண்டு அடி உயர்த்துவம். இந்தக் களஞ்சியத்த இடிச்ச கல்லையே உள்ளுக்கு நிரப்புவம். வாசல்ல சாய்வுப் பாதை. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வெச்சா சக்கர நாற்காலி லேசா ஏறும்” என்றேன்.

அவர் டேப்பைச் சுருட்டி என்னிடம் தந்தார். “பேர வாசிக்க வாறவன் படியேறி வரட்டும். செய்யுங்க.”

ஆர்க்கிடெக்ட்டும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரும் புதிதாகப் படம் போட்டார்கள். லிப்ட் போனதும் அதற்கான குழியும் போயிற்று. நாலு அடி தோண்டினால் தண்ணீர் ஊறும் மணலில் அந்தக் குழியே பெரிய செலவு. தண்ணீரைச் சுத்திகரிக்கும் டாங்கிகளின் பாரம் மாடியிலிருந்து இறங்கியதால் பீம்கள் சிறிதாயின. ஜெனரேட்டரும் ஒரு சைஸ் குறைந்தது. கம்பியிலும் கொங்கிரீட் தடிப்பிலும் கை வைக்கவில்லை. பத்துக் கட்டிலும் அப்படியே இருக்க, கணக்கு சங்கத்தின் பணத்துக்குள் அடங்கியது. முதலில் குறித்திருந்த நல்ல டைல்ஸையே திரும்பப் போட்டோம்.

4. மாரி

திறந்த பிறகு வந்த முதல் மாரியில் ஹாஜியார் போன் எடுத்தார். “தங்கச்சி, ரோட்டெல்லாம் தண்ணி. உள்ள பத்துப் பேரும் படுத்திரிக்காங்க, மெஷின் ஓடுது. அல்ஹம்துலில்லாஹ்.”

போனை வைத்த பிறகு தனியே இருந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது? என் முப்பது வருடத்தில் எத்தனையோ கட்டிடங்களுக்கு விலை போட்டிருக்கிறேன். இது நான் விளங்கிக்கொண்டு விலை போட்ட கட்டிடம்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. பி.ஓ.கியூ.வைத் திறக்க முன்னம், அந்தக் கட்டிடத்துக்குள் போகப்போகிற ஒரு ஆளைத் தேடிப் போய்ப் படத்தைக் காட்டுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.