வெள்ளைக்கார லட்சுமி

நேற்று மகன் கைபேசியை நீட்டி, "அம்மா, பழைய காசப் படம் புடிச்சா இது வெல சொல்லுமாம்" என்றான். காசில் வருஷம் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். வருஷமாவது, மண்ணாங்கட்டியாவது! எனக்கு உடனே மூக்கில் புளி வாசம் ஏறியது.

உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து ஒற்றைக் காம்பிரா அறையில், சாமிப் படங்களுக்கு நடுவே ஒரு பழைய அமெரிக்க வெள்ளி டொலர் இருந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூடையோடு படம் பிடித்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி கையில் திணித்துவிட்டுப் போனது. அதில் ஒரு பெண்ணின் தலை, நல்ல கொழுத்த கன்னம். காசில் பெண் என்றால் வேறு யாராம்? லட்சுமிதான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கோடு அவளுக்கும் புளி, செங்கல் தூள், தேங்காய்த் தும்புக் குளியல். பிறகு மஞ்சள், குங்குமம். என்னையும் அக்காவையும்கூட அப்படித் தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை. கணக்கில் பாஸாக்கு தாயே என்று நானும் உருகிக் கும்பிட்டேன். அவளுக்குத் தமிழ் புரியவில்லை போலிருக்கிறது.

அக்கா கெட்டிக்காரி. ஓ லெவல் பாஸாகி, பதுளையில் விடுதியில் தங்கி ஏ லெவல் படிக்க ஆசைப்பட்டாள். அந்த நேரம் பார்த்து அப்பா நெஞ்சு வருத்தம் வந்து, வேலைக்குப் போக முடியாமல் படுத்தார். மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தான், வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் சப் ஏஜெண்ட். "புள்ளய சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்புங்க, ரெண்டு வருசத்துல வீடே கட்டிரலாம்."

"எங்கிட்ட லட்சுமி இருக்கா. அத வித்துப் படிக்க வப்பேன், நீங்க போங்க" என்று அம்மா விரட்டினாள்.

பதுளையில் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டே பழைய காசு சேர்க்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருந்தார். மூன்று பேரும் போனோம். ஐயா முன்னால் பளிச்சென்று இருக்கட்டும் என்று அன்று காலை விசேஷமாக இன்னொரு தேய்ப்பு வேறு. அவர் பூதக்கண்ணாடியில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதை ஏனம்மா இப்பிடித் தேய்ச்சனீங்கள்? வருஷமும் தெரியேல்லை, அச்சடிச்ச ஊரின்ரை எழுத்தும் தெரியேல்லை. ஊத்தையோடை விட்டிருந்தால் நல்ல விலை வந்திருக்கும். இப்ப வெறும் வெள்ளிதான்."

"சாமிய அழுக்கா வச்சிருக்கலாமாங்க?" என்றாள் அம்மா.

பண்டாரவளை நகைக்கடையில் எடைக்குப் போட்டோம். வந்த காசு அக்காவின் பாஸ்போர்ட் படத்துக்கும் பஸ்ஸுக்கும் சரியாய்ப் போயிற்று. அவள் பாடப் புத்தகங்களை என்னிடம் தந்துவிட்டுச் சவூதிக்குப் போனாள். அதன் பிறகு அம்மா விளக்கைக்கூடத் தேய்த்ததில்லை.

அக்கா திரும்பி வந்தபோது அம்மா உயிரோடு இல்லை. லட்சுமிக் காசு எவள் கொலுசிலோ உருகிப் போயிருந்தது. பிறகு ஒரு அலுவலாக நாங்கள் போன அரசாங்கக் கந்தோரில் அக்காவிடம் கைரேகை கேட்டார்கள். மெஷினில் பெருவிரலை வைத்தாள், விழவில்லை. சவூதி வீட்டில் சட்டியும் தரையும் தேய்த்த மருந்தில் ரேகை அழிந்து விரல் வழவழவென்று கிடந்தது.

"அடியே, நானும் லட்சுமியாயிட்டேன் பாரு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷின்காரப் பையன் ஒரு துணியை எடுத்து, அந்த விரலை இன்னும் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தான்.