தேதி முடிந்த பச்சைப் பாக்கெட்

லூ மெய்-சுவானுக்கு நாற்பத்தேழு வயது. எங்கள் துறைமுக ஊரில் மீனவர் சங்கத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் அலுவலகத்தில் நாங்கள் மொத்தம் நான்கு பேர். பன்னிரண்டு வருடமாக அவள் என் பக்கத்து மேசை. எழுதிய வரியை இரண்டு முறை படித்துப் பார்க்காமல் தேநீரில்கூட வாய் வைக்க மாட்டாள். இவ்வளவு ஒழுங்கு மனுஷ ஜென்மத்துக்கு ஆகாது என்று அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

சங்க அலுவலகத்தில் இருக்கும் சர்வர் மக்கர் பண்ணாமல் இருக்க, அதன் மேல் தேங்காய்ச் சுவை நொறுக்குத்தீனிப் பாக்கெட் வைப்பதும் அவள் பொறுப்பு. பச்சைப் பாக்கெட்தான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் இயந்திரம் கோபித்துக்கொள்ளும். தேதி முடிவதற்குள் மாற்றிவிடவும் வேண்டும். சிரிக்காதீர்கள், எங்கள் தீவில் பெரிய பெரிய இஞ்சினியர்களும் இதைச் செய்கிறார்கள்.

அவள் எழுதிய புரோகிராம் ஒன்று அந்த சர்வரில் ஓடுகிறது. கடலில் இருக்கும் படகுகள் ரேடியோவில் சொல்வதை ஆபரேட்டர் தட்டத் தட்ட, அது ஃபைலில் எழுதும். காலையில் ஃபைலைத் திறக்கும், மாலையில் மூடும்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு புயல் நாளில், எங்கே ஒதுங்குகிறோம் என்று எல்லாப் படகும் மாலை நான்கு மணிக்குள் சொல்லியாக வேண்டும் என்று உத்தரவு. 3:47க்கு மின்சாரம் போனது. கடைசியாகச் சொன்னது தன் படகுதான், 3:40க்கே சொல்லிவிட்டேன் என்றார் கேப்டன் டெங். ஃபைலிலிருந்து அச்சடித்த தாளில் அவர் பெயர் இல்லை. ஆபரேட்டரோ, “எனக்கு ஞாபகமில்ல, கம்ப்யூட்டர்ல இருக்கிறதுதான் சரி” என்று கைகழுவிவிட்டான். கடலுக்குப் போக ஆறு மாதம் தடை. டெங் படகை விற்றார். இப்போது எங்கள் அலுவலகத்துக்கு எதிரிலேயே மீன் உருண்டை சூப் கடை வைத்திருக்கிறார். மதியச் சாப்பாடு எங்களுக்கு அங்கேதான்.

அன்று நாங்களும் சர்வரைப் பார்க்கத்தான் செய்தோம். பாக்கெட்டின் தேதி முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது! முதலாளி ஃபாங் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அதான் கரண்ட் போயிருக்கு. மெய்-சுவான், இதைக்கூடப் பாத்துக்க முடியாதா?” அவள் அழுதே விட்டாள், ஒரு பெட்டி நிறையப் புதுப் பாக்கெட் வாங்கி வந்தாள். ஃபைலைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

போன மாதம் பட்டப்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் ஒயர் வேலைக்காரர்கள் மின்சாரத்தை நிறுத்தினார்கள். திரும்ப வந்தபோது கடைசி ஆறு செய்திகளைக் காணோம்.

“பாக்கெட்டைப் பாத்தியா?” என்றேன்.

“போன வாரம்தான் மாத்தினேன்” என்றாள். பாக்கெட் மேல் பழி போட முடியாததால், தான் எழுதிய புரோகிராமைத் திறந்து படிக்க உட்கார்ந்தாள்.

சூப் கடையில் பாத்திரம் கழுவுகிறவர் ஒவ்வொரு கிண்ணமாக உள்ளே கொண்டுபோக மாட்டார். தட்டு நிறைந்த பிறகுதான் தூக்குவார். புரோகிராமில் ஃபைலுக்கு எழுதும் ஸ்ட்ரீம் என்ற பகுதியும் அப்படித்தான். 8192 பைட் சேர்ந்ததும் மொத்தமாக டிஸ்கில் இறக்கும். மிச்சம் மீதி ஃபைலை மூடும்போதுதான் இறங்கும். மூடுவதற்குள் மின்சாரம் போனால், தட்டில் இருந்தது போனதுதான். ஒவ்வொரு செய்திக்கும் பிறகு “இப்போதே இறக்கு” என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு முறை படிப்பவள் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தாள்.

பழைய புயல் நாள் ஃபைலைத் திறந்தோம். அளவு 8192-ஆல் மீதியில்லாமல் வகுபட்டது; அதாவது நிறைந்த தட்டுகள் மட்டுமே இறங்கியிருந்தன. கடைசி வரி 3:20க்கு, ஒரு படகின் பெயரில் பாதியோடு நின்றிருந்தது. அந்தப் படகும் மற்றவையும் ஒதுங்கும் இடத்தை அதற்கு முன்பே ஒருமுறை சொல்லிப் பதிவாகியிருந்ததால், டெங் மட்டும் மாட்டிக்கொண்டார். அச்சடிக்கும்போது அரைகுறை வரியை எங்கள் புரோகிராமே விட்டுவிடும். அதனால் சங்கத்தார் யாரும் அதைப் பார்த்ததில்லை.

ஃபாங் கதவைச் சாத்தினார். “நாலு வருஷம் ஆச்சு. அவரும் கடை போட்டு நல்லாத்தான் இருக்காரு. இனிமே சரியா எழுது, போதும். சங்கத்துக்குத் தெரிஞ்சா நம்ம பொழப்பு என்ன ஆகும்?”

“நாலு வருஷமா அவர் கையால சாப்பிடுறேன் சார்” என்றாள் மெய்-சுவான்.

சங்கத்துக்குக் கடிதம் எழுதி, தன் பெயரில் கையெழுத்திட்டு அனுப்பினாள். பிறகு எதிர்க்கடைக்குப் போனாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

“கேப்டன்” என்றாள். படகு போன பிறகு அவரை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். “நீங்க சொன்னீங்கன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா நீங்க சொல்லலைன்னு அந்த ஃபைல் சொல்லவே முடியாது. மூணு இருபதுக்கு அப்புறம் வந்தது எதுவும் அதுல இல்ல. தப்பு என்னோடது.”

டெங் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“சங்கம் கெடக்கட்டும்” என்றார். “பின்னாடி என் பொண்டாட்டி பாத்திரம் கழுவுறா. இதை அவகிட்ட போய்ச் சொல்லு. அவளும் என்னை நம்பல.”

மெய்-சுவான் தண்ணீர்த் தொட்டி அருகே குந்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. அந்த அம்மாள் கிண்ணத்தைத் தொட்டியிலேயே விட்டாள்.

“தூக்கத்துலகூட மூணு நாப்பது, மூணு நாப்பதும்பாரு” என்றாள். “நான்தான் நம்பாம, ‘சும்மா படுங்க’ன்னுவேன்.”