சுடாத சிவப்பு

மும்பையில் சிக்னல் விளக்கு இப்போது சுடுவதில்லை. ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏணி வைத்து ஏறி அதைத் துடைப்பதும் மாட்டுவதுமே என் பிழைப்பு என்பதால் எனக்குத் தெரியும். குண்டு பல்பு இருந்த காலத்தில் கண்ணாடியைத் தொட்டால் கை பொத்துப்போகும். எல்இடி வந்தபின் கரண்ட் மிச்சம். கண்ணாடியோ பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று கிடக்கிறது.

ஆயுத பூஜைக்கு நீங்கள் சைக்கிளுக்கும் லாரிக்கும் சந்தனம் வைப்பீர்கள். தாராவியிலும் கோவண்டியிலும் குடியிருக்கும் நெல்லைக்காரர்கள் நாங்கள் சிக்னலுக்கு வைப்போம். அதிலும் சிவப்புக்குத்தான் மூன்று விரல் பட்டை, நடுவில் குங்குமம். வண்டியை நிறுத்துகிற சாமி அதுதானே! முன்பெல்லாம் பல்புச் சூட்டில் சந்தனம் காய்ந்து, இரண்டே நாளில் பொருக்காக உதிர்ந்துவிடும். போன வருஷம் கோவண்டியில் என் வீட்டுப் பக்கத்து முனையில் மாட்டிய புது விளக்குக்கும் அப்படித்தான் பூசினேன், தாராளமாக. உதிர்ந்ததா என்று போய்ப் பார்க்கவில்லை.

இங்கே மழை விட்டால் அடுத்த ஆனி வரை சொட்டு கிடையாது. மார்கழியில் பனியும், கட்டடம் கட்டுகிற புழுதியும்தான். அப்படி ஒரு காலையில், செம்பூருக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பிய என் மனைவி செல்வி அந்த முனையில் சாலையைக் கடந்தாள். ஆட்டோ நிற்காமல் வந்து இடித்தது. கால் எலும்பு இரண்டாக முறிந்தது.

தகவல் கேட்டு ஓடிப்போய் ஆட்டோக்காரனை அறைந்தேன். அவனும் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவன்தான். “பாய், லால் திக்கா ஹி நஹீ,” சிவப்பே தெரியவில்லை என்று அழுதான்.

“ஏல, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?” என்று தமிழில் கத்தினேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போலீஸ் இழுத்துக்கொண்டு போனது.

அவன் அழுகை காதை விட்டுப் போகவில்லை. மறுநாள் ஏணியோடு நானே போய் ஏறிப் பார்த்தேன். என் மூன்று விரலும் அப்படியே இருந்தன. சந்தனத்தில் பனி ஊறி, புழுதி அப்பி, சிவப்பு அடைந்து கிடந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். இறங்கி வந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. பாவி நான். வண்டி பறிபோய் அவன் ஊருக்கே போய்விட்டதாகக் கேள்வி.

இந்த வருஷமும் பூஜை வந்தது. காலை இழுத்து இழுத்து நடந்து, கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக் கொடுத்தது செல்விதான்.

“நம்ம சிக்னலுக்கு நல்லாப் பூசுங்க. அந்தப் பாவிப்பயலுக்கு இனியாவது கண்ணு தெரியட்டும்.”

ஏணியில் நிற்கிறேன். வலது கை சந்தனத்தோடு சிவப்பை நோக்கிப் போகிறது. அது ஊரில் வளர்ந்த கை. இடது கை ஈரத்துணியை எடுத்துவிட்டது. அதற்குச் சம்பளம் தருவது மும்பை. கீழே வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.