லூர்துராணியின் கழுதை

மேலப்புதூர் லூர்துராணிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். சொல்பவர்கள் சொல்லட்டும். அறுபத்து நாலாம் வருஷம் அவள் செய்த காரியத்துக்கு வாய் மட்டும் போதாது, துணிச்சலும் வேண்டும்.

திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு பெரிய ஆபீசில் அவளுக்கு வேலை. கணக்கையெல்லாம் அட்டைகளில் ஓட்டைகளாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்த அறை மெஷின் அந்த ஓட்டைகளைப் படித்து, அட்டைக்கு ஒரு வரியாக அச்சடித்துத் தள்ளும். ஒரு மாதம் கணக்கு கன்னாபின்னாவென்று வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் சூப்பரின்டெண்ட் ரெங்காச்சாரி, பெண்கள் அறையில் வந்து குதித்தார். "ஓட்டை போடற வேலை! ஒரு கழுதைகூடப் பண்ணிடும். உங்களுக்கு வரலையே!"

மறுநாள் மெஷினைக் கழற்றினால், உள்ளே ஒரு கரப்பான்பூச்சி நசுங்கிக் கிடந்தது. மெட்ராஸ் தலைமை ஆபீசுக்கு அதை எழுதித் தப்பித்துக்கொண்ட மனுஷர், பெண்களிடம் மூச்சு விடவில்லை. 'தப்பாச் சொல்லிட்டேன்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

லூர்துராணி சும்மா விடுவாளா? சாப்பாட்டு வேளைகளில் தனியாகச் சில அட்டைகளில் ஓட்டை போட ஆரம்பித்தாள். பக்கத்து நாற்காலி இருதயமேரி, "என்னடி இது?" என்று கேட்டால், "நம்ம வேலைக்கு வரப்போற கழுதை" என்பாள். அடுத்த மாத அட்டைக் கட்டின் கடைசியில் அவற்றைச் செருகிவிட்டாள். அச்சாகி வந்த கணக்கில், கடைசித் தொகைக்குக் கீழே, எக்ஸ் எழுத்துகளாலேயே ஆன ஒரு கழுதை காதைத் தூக்கிக்கொண்டு நின்றது. ரெங்காச்சாரி பார்க்கட்டும் என்றுதான் வைத்தாள். அவரோ பார்க்காமலே கையெழுத்துப் போட்டு மெட்ராசுக்கு அனுப்பிவிட்டார்!

விசாரிக்க அங்கிருந்து ஓர் ஆபீசர் வந்தார். ரெங்காச்சாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இதோ பாரும்மா, மெஷினுக்குள்ள மறுபடியும் பூச்சின்னு சொல்லிடு. போன தடவை மாதிரியே நம்பிடுவா. உன் வேலை தப்பும், என் மானமும் தப்பும்."

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பூச்சி என்று சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் உள்ளே போனாள். ரெங்காச்சாரி பக்கத்தில் நிற்க, ஆபீசர் அந்தக் கணக்குக் காகிதத்தை விரித்தார். "பூச்சின்னு இவர் சொல்றார். இதைப் பூச்சியா பண்ணுச்சு?"

கழுதை அவளைப் பார்த்தது. அந்தக் காது சரியாக வருவதற்குள் எத்தனை அட்டையைக் கிழித்துப் போட்டிருப்பாள்! அதைப் போய் ஒரு கரப்பானுக்குத் தாரை வார்ப்பதா?

"பூச்சிக்குக் கழுதை வரையத் தெரியுமா சார்? நான்தான் பண்ணினேன்."

"எதுக்கு?"

"எங்க வேலையைக் கழுதைகூடப் பண்ணும்னு ரெங்காச்சாரி சார் சொன்னாங்க. பாத்தா, அந்தக் கழுதையையும் நாங்கதான் பண்ண வேண்டியிருக்கு."

ஆபீசருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமிச் சமாளித்துக்கொண்டு, "மன்னிப்பு எழுதிக் குடுத்துடும்மா, போதும்" என்றார்.

"சார் முதல்ல எங்ககிட்ட கேக்கட்டும். அப்புறம் நான் எழுதறேன்."

ரெங்காச்சாரி மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் பேனாவைத் தொடவில்லை. வேலை போய்விட்டது. அழாமல் இல்லை, அழுதாள். பிறகு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கப் போய்ச் சேர்ந்தாள்.

வேலைநீக்க உத்தரவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டிவைத்தாள். வந்தவர்கள் திகைப்பார்கள். "இதையா மாட்டி வெச்சிருக்கீங்க?"

"பின்னே? கழுதையைச் செஞ்சது மெஷின் இல்ல, லூர்துராணிதான்னு ஆபீசே எழுதிக் குடுத்திருக்கு. கீழ ரெங்காச்சாரி கையெழுத்து இருக்கு பாருங்க. இந்தத் தடவை படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டிருக்காரு."