பத்திரிகையில் வந்த இரண்டு கைகள்

எங்கள் அக்கா மண்ணுக்குள் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்க்கையில் பாதிதான் தெரியும். மீதியைத் தம்பி நான் எழுதுகிறேன். இனிப்பாக எழுத எனக்கு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது ஆலங்காயத்தில். பிழைப்புக்காக ஆம்பூர் வந்த எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளை. ஞாயிறு ஆராதனையில் அவர் குரல்தான் முதலில் எழும்பும். அவர் மணந்த மாமா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். இங்கே வேலை குறைந்தபோது, நண்பர் காதருடன் பட்டணத்துக்கு அருகே இருந்த வேறொரு ஷாப்புக்குப் போனார். ஆம்பூரிலிருந்து அங்கே போனவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே. காதரின் மனைவி ஹமீதாபீ எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

அந்த ஆண்டு அடைமழை. எங்கள் தெருவில் இங்கிலீஷ் பத்திரிகை வாங்கும் ஒரே மனிதரான பள்ளி வாத்தியார் ஒரு நாள் ஓட்டமாக வந்தார். மாமா வேலை செய்த ஷாப்பில் சுவர் இடிந்துவிட்டதாம். பாழான தோல்களைப் பற்றி நீளமாக எழுதிவிட்டுக் கடைசி வரியில்தான் ஆட்களைப் பற்றிப் போட்டிருந்தது.

“ஆம்பூர் ஆளுங்களுக்கு ரெண்டு கை போய்டுச்சாம்மா.”

“சோத்தாங்கையா, பீச்சாங்கையா சார்?” என்று ஹமீதாபீ கேட்டார்.

“அதெல்லாம் போடலம்மா. ரெண்டு கைன்னுதான் இருக்கு.”

“அப்போ ஆளுக்கு ஒன்னு” என்று அக்கா அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கை போனா போவுது. உசுரோட கீறாரே, அது போதும். நான் ஊட்டி வுடறேன்.”

பால்குடி மறக்காத மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு அன்றே ரயில் ஏறினார். ஹமீதாபீயும் வந்தார், துணைக்கு நான். ஒற்றைக் கையோடு என்னென்ன வேலை செய்யலாம் என்று அக்கா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கேட்டில் காவல் இருக்கலாம், பெட்டிக்கடை வைக்கலாம். “இனிமே அவரு என்ன அடிக்கறதுகூட கம்மியாவும்” என்று ஹமீதாபீ சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள். 

ஷாப்பு மேஸ்திரியிடம், எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தோம்.

“ஆஸ்பத்திரியா? ஆளுங்க செத்து மூணு நாளாச்சும்மா. பொதச்சுட்டோம்.”

“கைதான் போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்துதே!” என்று அக்கா கத்தினார்.

பக்கத்தில் நின்ற குமாஸ்தா நிதானமாக விளக்கினார். “இங்கிலீஷ் பேப்பர்ல கூலிக்காரனை ‘ஹேண்ட்’, கைன்னுதாம்மா எழுதுவாங்க. அதான் வழக்கம்.”

இருவரையும் ஒரே குழியில் போட்டு மூடியிருந்தார்கள். ஜெபமும் இல்லை, ஜனாஸா தொழுகையும் இல்லை. எங்களுக்கு ஒரு தந்தி அடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பத்திரிகைக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்கள், தோல் நனைந்ததே, அதற்காக.

ஊர் திரும்பியதும் வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதார். அக்கா கதவைத் திறக்கவில்லை. “ஆள ஆளுன்னு எழுத பேப்பர்காரனுக்கு இன்னா பேஜாரு?” என்று உள்ளிருந்தே கேட்டார். வாத்தியார் நல்ல மனிதர். அதன்பின் அவர் எங்கள் தெருவில் யாருக்கும் பத்திரிகை படித்துச் சொன்னதில்லை.

அக்கா பாடுவதை விட்டார். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்து மகளைப் படிக்கவைத்தார். அவர் வாயில் விஷம் இருந்தது என்பார்கள் உறவினர்கள். இருந்தது. விதவை என்று கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்டு, விருந்து முடிந்ததும் பாத்திரம் கழுவ மட்டும் அழைத்த வீடுகளும் இருந்தன. இந்த மலர் அவர்களுக்கும் போகிறது.

கடைசி நாட்களில் நெஞ்சுச் சளி அவரை வாட்டியது. மகளும் ஹமீதாபீயும் மாறி மாறி அருகில் இருந்தார்கள். வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த நண்பர்களுக்கும், அன்று எங்களுக்காக உலை வைத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஹமீதாபீக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அன்று அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அவர் புதுமண் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“இவளுக்காச்சும் தனியா ஒரு குழி கெடச்சுதே, தம்பி” என்றார்.