புழுக்கைக்கு வாங்கிய மைசூர்பாகு

ஆம்பூரில் பிறந்தவள் நான். தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடைக்கு நடுவில்தான் சாப்பிட்டேன், படித்தேன். அதற்கு முகம் சுளித்ததில்லை. வேலூரில் நான் பொறுப்பில் இருக்கும் ஆய்வகத்தின் சுண்டெலி அறைதான் எனக்குக் குமட்டும். ஈர மரத்தூளும் மூத்திரமும் கலந்த நெடி புடவை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பெண், எலிகளின் விலாவில் புற்றுக்கட்டி வளர்த்து ஒரு மருந்தைச் சோதித்தாள். மருந்து ஊசி போட்டவை ஒரு கூண்டில், போடாதவை மற்ற இரண்டில். மருந்துக் கூண்டில் கட்டிகள் சிறுத்திருந்தன. வெட்டிப் பார்த்தபோது, புற்றைக் கொல்லும் வெள்ளணுக்கள் உள்ளே மொய்த்தன. இந்த வருடமே தீசிஸ் கொடுத்துவிடலாம் என்று எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தாள்.

எனக்கு மூன்றாவது கூண்டு உறுத்தியது. மருந்தே தொடாத அங்கும் கட்டிகள் சிறியவை, அணுக்கள் ஏராளம். எல்லாம் ஒரே வம்சம், ஒரே வயது, ஒரே தீனி.

"அந்தக் கூண்ட உட்டுட்டு எழுதிடலாமா மேடம்?"

எலி அறையைவிட அந்தக் கேள்வி நாறியது. "புடிக்காதத தூக்கிப் போட்டா மிச்சம் இருக்கறது ஆராய்ச்சியாம்மா?" என்றேன்.

அங்கும் கட்டிகள் சிறுத்ததன் காரணம் இன்னும் அருவருப்பானது. எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும். ஒரே கூண்டில் இருப்பவற்றின் குடலில் ஒரே விதக் கிருமிகள் சேரும். பக்கத்துக் கூண்டில் வேறு விதம். அதைப் பொறுத்து, புற்றை எதிர்க்கும் அணுக்களின் வேகமும் மாறலாம். கட்டியைச் சுருக்கியது மருந்தா, கூண்டா என்று சொல்ல வழியில்லாதபடி எலிகளைப் பிரித்து வைத்திருந்தோம்.

புது எலிகளோடு மறுபடி தொடங்கினோம். எல்லா எலிகளுக்கும் ஒரே கிருமிகள் சேரட்டும் என்று, வாரந்தோறும் எல்லாக் கூண்டுகளின் அழுக்குத் தூளையும் ஒரு தொட்டியில் கொட்டி, கையுறையோடு கிளறி, திரும்பப் பங்கிட்டோம். எதையும் துடைத்து அடுக்கி வைப்பவள் நான். கழுவிய கூண்டில் வேண்டுமென்றே புழுக்கையைத் தூவும்போது முழங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இன்னா மேடம், ஆம்பூர்ல பொறந்துட்டு இதுக்குப் போய் மூக்கப் பொத்துறீங்க?"

"அது எங்க ஊட்டு நாத்தம்மா. நீ கிளறு."

இம்முறை ஒவ்வொரு கூண்டிலும் பாதி எலிகளுக்கு மட்டும் மருந்து. கடைசியில் அளந்தபோது, மருந்து பெற்றவற்றின் கட்டிகளும் பெறாதவற்றின் கட்டிகளும் ஒன்றுபோலவே இருந்தன. அவள் மறுபடி அளந்தாள்.

"மருந்து ஒண்ணுமே பண்ணல இல்ல?"

"பண்ணல."

"அப்போ இந்த வருஷம் தீசிஸ்?"

"குடுக்க முடியாதும்மா."

தொட்டியில் மீந்த அழுக்கை அவளே குப்பைப் பையில் கவிழ்த்தாள். பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"ச்சீ! புழுக்கைக்கா மேடம் நான் மைசூர்பாகு வாங்கிக் குடுத்தேன்?"

அன்று நான் இரண்டு துண்டு தின்றிருந்தேன்.